படகுக்கு முன் கொட்டகை

கழிமுகங்களையும் கடற்கரையையும் அடுத்த ஊர்களில் வீட்டு முற்றத்திலேயே சிறு படகு கட்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மரத்திற்கும் ஆணிக்கும் கடன்பட்டேனும் பணம் சேர்க்கும் அவர்களுள் பலர், படகு உருவாகும் சில மாதங்களுக்கு அதன்மேல் ஒரு கூரை வேண்டும் என்பதைக் கருதுவதில்லை. கூரைச் செலவு வீண் செலவு என்று எண்ணிவிடுகின்றனர். மழையில் நனைந்த பாவு என்ன ஆகும் என்பதை நம் நெசவாளர் அறிவர். களத்தில் நனைந்த நெல் என்ன ஆகும் என்பதை நம் உழவர் அறிவர். பாதி கட்டிய படகும் அத்தகையதே. குறைந்த செலவில் அதற்குக் கொட்டகை அமைக்கும் வகையை இங்கு ஆராய்வோம்.

வெயிலும் மழையும்

அறுத்த பலகையின் ஒரு முகம் வெயிலில் காய்ந்து மறுமுகம் ஈரமாக இருந்தால் பலகை வளைந்துவிடும். முனைகள் விரைந்து உலர்வதால் அங்கே வெடிப்புக் காணும். இன்று இழைத்துப் பொருத்திய பலகை நாளை பொருந்தாது.

பைபர் படகிற்கும் நிழல் இன்றியமையாதது. நேர் வெயிலில் ரெசின் பூசி முடிக்குமுன்னரே இறுகிவிடும். கண்ணாடி இழைப் பாயில் ஈரம் இருந்தாலோ அடுக்குகள் ஒன்றோடொன்று நன்கு பற்றா. இக்குறைகள் கரையில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அலையின் நடுவில்தான் வெளிப்படுகின்றன. அப்போது அப்படகில் இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே ஆவர்.

இடமும் அளவும்

மழைநீர் தேங்காத மேட்டு நிலமாகத் தெரிந்து, சுற்றிலும் சிறு வாய்க்கால் எடுத்தல் நன்று. ஆளும் கருவியும் தடையின்றி இயங்கப் படகைச் சுற்றி 3 அடி இடமேனும் வேண்டும். எனவே 20 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள படகிற்குக் கொட்டகை 26 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையதாக அமைதல் வேண்டும்.

முடிந்த படகு வெளியேறும் வழியை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். 1719-இல் வெளியான டானியல் டீஃபோவின் கதையில், ராபின்சன் குரூசோ பெருமரம் ஒன்றைக் குடைந்து அரும்பாடுபட்டு ஓடம் செய்கிறான். பின்னர் அதனை நீர்வரை கொண்டுசெல்ல இயலாமல் விட்டுவிடுகிறான். நம் முற்றத்தில் அந்நிலை நேரலாகாது. கொட்டகையின் ஒரு முகப்பு முழுதும் திறந்திருக்க வேண்டும். அங்கிருந்து நீர்த்துறை வரை வழியும் இருத்தல் வேண்டும்.

கட்டும் முறை

கால்களுக்குச் சவுக்கும் கைமரங்களுக்கு மூங்கிலும் போதும். மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசி, அடியில் ஒரு குறுக்குக் கட்டையை அறைந்து, 3 அடி ஆழம் நட வேண்டும். கீற்றுக் கூரை நீரை வடிக்க 45 பாகைச் சரிவு தேவை. 12 அடி அகலத்தில் இறவாரம் 6 அடி உயரமானால் முகடு 12 அடி ஆகும். படகைக் கவிழ்த்துத் திருப்புவதற்கு நடுவில் அவ்வுயரம் உதவும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. அது கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. ஆகையால் கால்களுக்கிடையே மூலைவிட்டமாகச் சட்டங்கள் பிணைத்தல் அவசியம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை எவரும் மறவார். அத்தகைய காற்றை எதிர்த்து நிற்கும் கொட்டகையைச் சிறு செலவில் கட்ட இயலாது. தைத் திங்களில் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடித்துக் கூரையைப் பிரித்துவிடுவதே விவேகம்.

எந்தக் கூரை?

மரப் படகிற்குத் தென்னங்கீற்று மலிவானது, குளிர்ச்சியும் தருவது. பனையோலை அதனினும் நீடித்து உழைக்கும். அமெரிக்காவில் வீட்டில் படகு கட்டுவோர் மெல்லிய சட்டங்களை வில்லாக வளைத்து, பசுமைக்குடிலுக்குரிய பாலித்தீன் தாளைப் போர்த்துகின்றனர். நாற்றங்கால் வைத்திருக்கும் நம் உழவர்க்கு இம்முறை எளிது. ஆயினும் நம் வெப்பத்திற்கு அதன்மேல் நிழல்வலையும் இடவேண்டும்.

பைபர் வேலைக்குக் கீற்று கூடவே கூடாது. ரெசினிலிருந்து எழும் ஆவி எளிதில் தீப்பற்றும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆதலால் தகரக் கூரையும் காற்றோட்டத்திற்குத் திறந்த பக்கங்களும் வேண்டும். பீடி, அடுப்பு ஆகியவற்றிற்கு அருகில் இடமில்லை. கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது, வெடித்துவிடக் கூடும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, பலருக்கு

ஒரு படகிற்குக் கொட்டகை சில மாதங்களே தேவை. எஞ்சிய காலம் தகரமும் கயிறும் சவுக்கும் ஒருவர் வீட்டில் வீணே கிடப்பானேன்? சங்கமே இவற்றை ஒரு தொகுதியாக வாங்கி வைத்து, சிறு வாடகைக்கு முறைவைத்து அளிக்கலாம். மூங்கிலும் கீற்றும் நம் உழவர் அங்கத்தினரிடமே கிடைக்கும். படகு இறங்கியபின் அதே கொட்டகை விளைபொருளுக்கும் தறிக்கும் நிழலாகும். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர் முன்னோர். அணையைத் தனியொருவர் கோலுவது அரிது; சங்கமாகச் சேர்ந்தால் அது எளிது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.