கல்கத்தாவைக் கலக்கிய பாட்டு விடுதிகள்
புடவை கட்டிப் பாடிய தமிழ்ப் பெண்

கல்கத்தாவில் பார்க் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அன்னை தெரசா சரணி என்று அதற்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பார்க் தெருதான்.

1960-களில் அந்தத் தெருவுக்கு இந்தியா முழுவதும் பெயர் இருந்தது. காரணம், பாட்டு!

பொழுது சாய்ந்ததும் வண்ண விளக்குகள் எரியும். கார்கள் வரிசையாக வந்து நிற்கும். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ பாக்ஸ், மூலான் ரூஜ் என்று பக்கத்துப் பக்கத்தில் பெரிய ஓட்டல்கள். யாராவது கதவைத் திறந்தால் போதும், உள்ளே முழங்கும் வாத்திய ஓசை நடைபாதைக்கு வந்துவிடும். காசு இல்லாதவர்கள் வெளியே நின்றே கேட்டார்கள்.

அங்கே இசைத்தட்டு போடுவதில்லை. ஒவ்வொரு ஓட்டலிலும் ஒரு சிறிய மேடை இருக்கும். மேடையில் ஒரு கோஷ்டி. பியானோ, டிரம், சாக்ஸபோன், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பிடில். நடுவே ஒலிபெருக்கியின் முன்னால் ஒரு பாடகி. வாரம் முழுவதும் இரவுக்கு இரவு கச்சேரி. விருந்தினர் சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். பிடித்த பாட்டு வேண்டுமானால் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம்.

தேநீர் விடுதி மேடை ஏறியது

இந்த விடுதிகளில் டிரிங்காஸின் கதை சுவையானது. சுவிட்சர்லாந்து நாட்டவர்கள் 1927-ல் கல்கத்தாவில் கேக்கும் தேநீரும் விற்கத் தொடங்கினார்கள். பங்காளிகள் பிரிந்தபோது கடையும் இரண்டாயிற்று. ஒன்று புளூரிஸ். மற்றது டிரிங்காஸ். இரண்டும் இன்றும் எதிரும் புதிருமாக இருக்கின்றன.

1959-ல் டிரிங்காஸ் கை மாறியது. ஓம் பிரகாஷ் பூரி, எல்லிஸ் ஜோஷுவா என்ற இருவர் அதை வாங்கினார்கள். வெறும் தேநீர் விடுதியாக இருந்த இடத்தில் வாத்திய கோஷ்டியை ஏற்றினார்கள். வியாபாரம் பிடித்துக்கொண்டது.

பெங்களூரில் இருந்து பிட்டு என்ற இளைஞர் தம் கோஷ்டியுடன் வந்து இங்கே பாடினார். பிறகு லண்டனுக்குப் போனார். 1974-ல் அவர் தயாரித்த 'குங்பூ பைட்டிங்' என்ற பாட்டு உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

வாசித்தவர்கள் யார்?

மேனாட்டு இசை என்றாலும் வாசித்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர்களே. கோவாக்காரர்கள் பலர். மாதா கோவில் பள்ளிகளில் சிறு வயதிலேயே இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றவர்கள் அவர்கள். எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் வாசித்துவிடுவார்கள்.

ஆங்கிலோ இந்தியர்களும் அப்படித்தான். ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் பலர். கிறிஸ்துமஸ் வந்தால் அங்கே நடனம் இல்லாமல் இருக்காது. நம் பெரம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மொகாம்போ 1956-ல் திறந்தது. ஆன்டன் மெனேசஸ் கோஷ்டி வாசித்தது. பாடியவர் பாம் கிரெயின். ஜாஸ் பாடல்களில் அவருக்கு நிகர் அவரே என்று ஊர் பேசியது. அவர் பாடுவதைக் கேட்கவே வெளியூர்களில் இருந்து வந்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் பெரிய இசைமேதைகளும் கல்கத்தாவுக்கு வந்தார்கள். 1958-ல் டேவ் புருபெக் வந்தார். 1963-ல் டியூக் எலிங்டன் வந்தார். இங்கே இந்த இசை தெரிந்த கூட்டம் இருந்தது. அதுதான் அவர்களை இழுத்தது என்று சொல்லமுடியாது. அமெரிக்க அரசு அனுப்பிய பயணம் அது. ஆனால் கைதட்டியவர்கள் விஷயம் தெரிந்து தட்டினார்கள்.

கெட்ட பெயர்

இவ்வளவு இருந்தும் நடுத்தரக் குடும்பங்கள் அந்தக் கதவுகளைக் கண்டால் ஒதுங்கின. இரவு நேரம், மது, ஆட்டம். பெண் பிள்ளை அங்கே போனாள் என்றால் கல்யாணம் நடக்குமா? பாடுகிறவளுக்கும் ஆடுகிறவளுக்கும் ஒரே பெயர்தான் வைத்தார்கள்.

ஆடியவர்களில் புகழ் பெற்றவர் மிஸ் ஷெபாலி. உண்மைப் பெயர் ஆரதி தாஸ். கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதியாக வந்த ஏழைக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது வீட்டு வேலை செய்தார். பிறகு சவுரங்கியில் இருந்த பிர்போஸ் ஓட்டலில் ஆடத் தொடங்கினார். அந்தப் பணத்தில் குடும்பம் சாப்பிட்டது. சத்யஜித் ரே தம் படங்களில் அவரை நடிக்க வைத்தார். ஆனாலும் "கேபரேக்காரி" என்ற சொல் அவரை விடவில்லை. 2020-ல் அவர் காலமானார்.

வேடிக்கை பார்க்கப் போன பணக்காரருக்கு ஒரு கெட்ட பெயரும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பள்ளியில் சேர்க்காத குரல்

இந்தச் சூழ்நிலையில்தான் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். பெயர் உஷா. பம்பாயில் 1947-ல் பிறந்தவர். அய்யர் குடும்பம். தகப்பனார் பம்பாய் போலீசில் அதிகாரி.

உஷாவின் குரல் கனமானது, ஆண் குரல்போல. பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் "உன் குரல் இதற்கு ஒத்துவராது" என்று ஒதுக்கிவிட்டார்கள். வீட்டில் வானொலிதான் குரு. இலங்கை வானொலி வைத்தால் மேனாட்டுப் பாட்டு. நிலையத்தை மாற்றினால் இந்துஸ்தானி. சகோதரிகளும் பாடுவார்கள். பாட்டு வகுப்பு ஒதுக்கிய குரல் இப்படி வீட்டிலேயே வளர்ந்தது.

1969-ல் சென்னைக்கு வந்திருந்தார். மவுண்ட் ரோட்டில் சபையர் தியேட்டர் இருந்ததல்லவா? அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு விடுதி. சென்னையில் அப்போது மதுவிலக்கு. 1971-ல்தான் அது நீங்கியது. ஆகவே நைன் ஜெம்சில் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை.

அங்கே உஷா மேடை ஏறினார். வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே போனார். புடவை, தலைப்பின்னல், நெற்றியில் பொட்டு. பார்த்தால் பஜனை பாட வந்தவர் போல இருந்தது. வாயைத் திறந்தார். ஆங்கிலப் பாட்டு! கூட்டம் அசந்துபோயிற்று. இன்னும் ஒரு வாரம் இருந்து பாடுங்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டார்.

டிரிங்காஸ் மேடையில் புடவை

அதே ஆண்டில் கல்கத்தா அழைத்தது. டிரிங்காஸில் பாடத் தொடங்கினார். பார்க் தெருப் பாடகிகள் கவுன் அணிவது வழக்கம். உஷா காஞ்சிப் பட்டை மாற்றவில்லை. கை நிறைய வளையல். பொட்டு மட்டும் நாளுக்கு நாள் பெரிதாயிற்று.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அதன் பலன் பெரியது. மேடையில் நிற்பவர் பக்கத்து வீட்டுப் பெண் போல இருந்தால், கேட்க வருகிறவர்களுக்கும் கூச்சம் போய்விடும். மனைவியை அழைத்து வரலாம். பிள்ளைகளை அழைத்து வரலாம். டிரிங்காஸுக்குக் குடும்பங்கள் வந்தன.

ஒரு பாட்டு ஆங்கிலம், அடுத்தது இந்தி, அதற்கடுத்தது வங்காளம் என்று மேசைக்கு மேசை மொழியை மாற்றினார். சபையைப் பேசச் செய்தார், கைதட்டச் செய்தார். ஜானி சாக்கோ உதுப் என்ற கேரளத்துக்காரரை அங்கேதான் சந்தித்தார். உஷா அய்யர், உஷா உதுப் ஆனார். கல்கத்தாவே அவருக்குச் சொந்த ஊராயிற்று.

எல்லோரும் மாலை போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1980-களில் வங்காள அமைச்சர் ஒருவர் இந்தப் பாட்டு நம் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று எதிர்த்தார். உஷா கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார்.

தமிழ்ப்பட ரசிகர்கள் அவரை 1975-ல் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் பார்த்தார்கள். 1990-ல் 'அஞ்சலி' படத்தில் இளையராஜா இசையில் கேட்டார்கள்.

விளக்குகள் குறைந்தன

உஷா வந்த நேரத்திலேயே பார்க் தெருவுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. 1967-ல் நக்சல்பாரியில் மூண்ட கிளர்ச்சி நகருக்குள் வந்தது. குண்டு, கொலை, போலீஸ் வேட்டை. இருட்டிய பிறகு வெளியே போக மக்கள் பயந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளும் வட இந்திய முதலாளிகளும் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். செலவழிக்கக் கூடியவர்கள் போனால் மேடைக்கு யார் பணம் கொடுப்பது?

அதோடு கேளிக்கை வரி. பாட்டு வைத்தால் வரி, வைக்காவிட்டால் இல்லை. ஓட்டல்காரர் கணக்குப் பார்த்தார். சாப்பாடு எப்படியும் விற்கும். கோஷ்டிக்கு ஏன் சம்பளம்? 1970-களில் மின்சார வெட்டும் சேர்ந்துகொண்டது. ஒலிபெருக்கி ஊமையாயிற்று. மேடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

பாவம், வாத்தியக்காரர்கள். அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. ஆங்கிலோ இந்தியர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் கப்பல் ஏறினார்கள். சிலர் பம்பாய் சினிமாவுக்குப் போனார்கள். புளூ பாக்ஸில் பியானோ வாசித்த டார்ஜிலிங்காரர் லூயிஸ் பாங்க்சை இசையமைப்பாளர் ஆர்.டி.பர்மன் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தார். பெயர் தெரியாத எத்தனையோ டிரம்காரர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பாம் கிரெயின் ஊரை விட்டுப் போகவில்லை. கல்கத்தாவிலேயே இருந்து 2013-ல் கண்ணை மூடினார்.

புளூ பாக்ஸ் இன்று இல்லை. மொகாம்போவில் சாப்பாடு உண்டு. டிரிங்காஸ் மட்டும் மேடையை விடாமல் வைத்திருக்கிறது. இளைஞர்கள் இப்போதும் அங்கே கிதார் வாசிக்கிறார்கள். உஷா உதுப்புக்கு 2024-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 76. அதே பட்டுப் புடவை, அதே பெரிய பொட்டுடன் போய் வாங்கிக்கொண்டார்.