துப்பாக்கி வாங்கியாயிற்று, தோட்டாப் பெட்டியைச் சோதிப்பது யார்?

புதுதில்லி: காவலரின் இடுப்பில் உள்ள கைத்துப்பாக்கி ஆபத்து வேளையில் தொடர்ந்து சுடுமா, முதல் குண்டோடு நின்றுவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் குழலோ, விசையோ அல்ல. கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டிதான் அதைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. நாடாளுமன்றத்தில் காவல்துறை நவீனமயமாக்கல் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் பேசப்படுவது எத்தனை கோடி, எத்தனை துப்பாக்கி என்ற கணக்கே. தோட்டாப் பெட்டியின் தரம் பற்றிக் கேட்போர் அரிது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டிய நகரம் மும்பை.

நவம்பர் 26 விட்டுச்சென்ற பாடம்

2008 நவம்பர் 26 இரவு, கடல்வழியாக வந்த பத்துப் பயங்கரவாதிகள் நடத்திய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் இருவர் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளால் பயணிகளைச் சுட்டு வீழ்த்தினர். அவர்களை எதிர்கொண்ட ரயில்வே காவலர்கள் பலரிடம் இருந்தவை லத்தியும், பழைய .303 ரகத் துப்பாக்கியுமே. ரயில்வே காவல் ஆய்வாளர் சசாங்க் ஷிண்டே அங்கே உயிர்நீத்தார்.

அதே இரவில் கிர்காவ் சௌபாத்தியில் அந்த இருவரும் வந்த கார் மறிக்கப்பட்டது. உதவித் துணை ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, கசாபின் துப்பாக்கிக் குழலைக் கைகளால் பற்றிக்கொண்டு உயிரைக் கொடுத்தார். உடனிருந்த அதிகாரிகளின் கைத்துப்பாக்கிகள் அன்று சுட்டன. மற்றொருவன் கொல்லப்பட்டான், கசாப் உயிரோடு பிடிபட்டான். கைத்துப்பாக்கி ஒரு காவலருக்கு எதற்காகத் தரப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்தச் சில விநாடிகளில் தோட்டா சிக்கியிருந்தால், வழக்கின் வரலாறே வேறாகியிருக்கும்.

அரசியலிலும் அந்த இரவின் அதிர்வு பெரிது. மத்திய உள்துறை அமைச்சர் பதவியிலிருந்து சிவராஜ் பாட்டீல் விலக, ப. சிதம்பரம் அப்பொறுப்பை ஏற்றார். மகாராஷ்டிரத்தில் முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும், உள்துறையைக் கவனித்த துணை முதல்வர் ஆர்.ஆர். பாட்டீலும் பதவி இழந்தனர். முன்னாள் உள்துறைச் செயலர் ராம் பிரதான் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2009-இல் அறிக்கை அளித்தது. தோட்டாத் தட்டுப்பாட்டால் காவலர்களுக்குச் சுடும் பயிற்சி தடைபட்டிருந்ததை அது சுட்டிக்காட்டியது. அதன்பின் ஃபோர்ஸ் ஒன் என்ற சிறப்புப் படை அமைந்தது. தேசியப் பாதுகாப்புப் படையின் பிரிவு மும்பைக்கும் சென்னைக்கும் வந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கிகள் வாங்கப்பட்டன.

ஆயுதத்தின் பெயர் மாறியது. ஆனால் ஆயுதம் நம்பகமாக இயங்குமா என்பது அதன் பெயரைக் கொண்டு மட்டும் முடிவாவதில்லை.

நான்கு பாகங்கள், நான்கு பலவீனங்கள்

பழைய சுழல் துப்பாக்கியில் மேகசின் கிடையாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும். அடுத்த தோட்டா சுழன்று வந்துவிடும். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அப்படியல்ல. ஒருமுறை சுட்டதும் அதன் மேற்பகுதி பின்னோக்கிச் சென்று வெற்று உறையை வெளியே எறிகிறது. திரும்பி முன்னே வரும்போது, தோட்டாப் பெட்டியின் உச்சியில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலுக்குள் ஏற்றுகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடியும் இந்தச் செயலில், தோட்டா சரியான இடத்தில், சரியான சாய்வில் நின்றாக வேண்டும்.

அதை நிறுத்தி வைப்பவை நான்கு பாகங்கள்: உடல், ஸ்பிரிங், தோட்டாவைத் தாங்கி மேலே தள்ளும் தட்டு, அடித்தட்டு. உடலின் உச்சியில் உள்ள இரு மடிப்பு விளிம்புகள் தோட்டாவைப் பிடித்து வைத்திருக்கின்றன. பெட்டி கீழே விழுந்து அந்த விளிம்பு சிறிது விரிந்தாலும் தோட்டா சாய்ந்து நிற்கும். சில வேளை இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வந்து அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா உரிய நேரத்தில் மேலே வராது. உடல் நசுங்கினால் தட்டு பாதி வழியில் நின்றுவிடும். அடித்தட்டு கழன்றால் அத்தனையும் தரையில் கொட்டும்.

இந்தியக் காவல் படைகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள 9 மி.மீ. கைத்துப்பாக்கி, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராவது. இதன் மூலவடிவம் 1935-இல் வெளிவந்த பிரவுனிங் ஹை-பவர். ஜான் பிரவுனிங் தொடங்கிய அந்த வடிவமைப்பை, அவரது மறைவுக்குப் பிறகு பெல்ஜியத்தின் தியுதோனே சேவ் நிறைவுசெய்தார். தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கி, பதின்மூன்றைக் கைப்பிடிக்குள் அடக்கியது அதன் புதுமை. மேகசின் செருகப்படாவிட்டால் விசை இயங்காது என்பதும் அந்த வடிவமைப்பின் இயல்பு. அதாவது, பெட்டி இல்லையேல் குழலில் ஏற்கெனவே உள்ள தோட்டாவைக்கூடச் சுட முடியாது.

கார்கிலும் இராக்கும்

தோட்டாப் பெட்டியின் குறை படைகளைப் பாதித்ததற்குச் சான்றுகள் தொலைவில் இல்லை. 1999-இல் கார்கில் பனியில் இன்சாஸ் துப்பாக்கிகளின் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது. அந்தத் துப்பாக்கியைத் தயாரித்த தொழிற்சாலைகளில் திருச்சியில் உள்ளதும் ஒன்று என்பதால், தமிழக வாசகர்களுக்கு அந்தச் செய்தி அந்நியமானதல்ல. இன்சாஸ் பற்றிய விவாதம் பின்னர் பல ஆண்டுகள் நீடித்தது.

கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை இன்னும் நேரடியான சான்று அமெரிக்க ராணுவத்தில் கிடைக்கிறது. 2003 இராக் போரில் அவர்களின் 9 மி.மீ. பெரெட்டா துப்பாக்கிகள் மணற்புழுதியில் சிக்கிக்கொண்டன. ஆராய்ந்தபோது, துருப்பிடிக்காமலிருக்க மேகசினின் உட்புறத்தில் பூசப்பட்டிருந்த சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு, நுண்மணலைப் பிடித்துவைத்துத் தட்டின் நகர்வைத் தடுத்தது தெரியவந்தது. அந்தப் பூச்சைக் கோரியது ராணுவத்தின் விவரக்குறிப்பே. பின்னர் வழுவழுப்பான பூச்சு கொண்டவை வாங்கப்பட்டன. குறை தொழிற்சாலையில் மட்டுமல்ல, ஒப்பந்தப்புள்ளியின் வாசகத்திலும் ஒளிந்திருக்கலாம் என்பதே இதன் படிப்பினை.

நல்ல பெட்டியைத் தேர்வது எப்படி?

ஆயுதப் பராமரிப்பில் உலகெங்கும் ஏற்கப்பட்ட விதிகள் எளியவை. முதலாவது, பணிக்கு எடுத்துச் செல்லும் மேகசின், துப்பாக்கியைச் செய்த நிறுவனமே செய்ததாகவோ, அதன் ஒப்புதல் பெற்றதாகவோ இருக்க வேண்டும். மலிவான மாற்று உருப்படிகளில் விளிம்பின் வளைவும் ஸ்பிரிங்கின் வலிமையும் அளவு மாறியிருக்கக்கூடும். ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாக அடங்கும் என்பதற்காக நீட்டிக்கப்பட்ட பெட்டிகளை நாடுவதும் பணிக்கு உகந்ததல்ல.

இரண்டாவது, மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் சோதித்தால் போதாது. ஒவ்வொரு பெட்டியையும் முழுமையாக நிரப்பி, அதைப் பயன்படுத்தப்போகும் அதே துப்பாக்கியில், பணியின்போது தரப்படும் அதே ரகத் தோட்டாவைக் கொண்டு, தடங்கலின்றிப் பலமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். கடைசித் தோட்டா முடிந்ததும் மேற்பகுதி பின்னால் நிற்கிறதா, பொத்தானை அழுத்தியதும் பெட்டி தடையின்றிக் கீழே விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். துப்பாக்கி நின்றுபோனால் பழி துப்பாக்கி மீதோ, காவலர் மீதோதான் விழுகிறது. பெட்டிக்கு எண்ணும், அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இருந்தால், மூன்று முறையும் தகராறு செய்தது ஒரே பெட்டிதான் என்பது தெரிந்துவிடும்.

நான்காவது, பயிற்சிக்கானதும் பணிக்கானதும் வேறு வேறாக இருக்க வேண்டும். பயிற்சித் திடலில் பெட்டிகள் தரையில் விழுந்து அடிபடுகின்றன. மீண்டும் மீண்டும் அமுங்கி விரிவதாலேயே ஸ்பிரிங் தேய்கிறது. தோட்டா நிரம்பிய நிலையில் வைத்திருப்பதால் மட்டும் தரமான ஸ்பிரிங் கெடுவதில்லை. விளிம்பு வளைந்த, உடல் நசுங்கிய பெட்டியைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் பணிக்குக் கொடுப்பதைவிட, கழித்துவிடுவதே பாதுகாப்பு.

மும்பைக்கு ஐந்தாவது ஒன்றும் உண்டு. ஆண்டுக்கு 2,000 மி.மீட்டருக்கும் மேல் மழை, கடலின் உப்புக்காற்று, வியர்வை ஊறிய தோலுறை ஆகிய மூன்றும் எஃகுக்குப் பகை. துருவுக்குப் பயந்து உள்ளே எண்ணெய் ஊற்றினால் தூசி ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் மருந்தையும் எண்ணெய் பாழாக்கலாம். அவ்வப்போது கழற்றி, துடைத்து, உலர்வாக வைப்பதே வழி.

மூன்று பகுதிகள், மூன்று அதிகாரங்கள்

இந்த விதிகளை யார் செயல்படுத்துவது என்ற கேள்வியில்தான் அரசியல் நுழைகிறது. தமிழர்கள் அடர்ந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. தாராவியில் கைத்துப்பாக்கி ஏந்துபவர் மாநில உள்துறைக்குக் கட்டுப்பட்ட மும்பைக் காவலர். மாதுங்கா ரயில் நிலையத்திலும் பணிமனையிலும் ரயில்வே பாதுகாப்புப் படை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அது ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருகிறது. செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைக் காப்பது, மத்திய உள்துறையின் கீழ் உள்ள மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆயுதங்களும் தோட்டாக்களும் மத்தியப் பட்டியலில் உள்ளன. ஆயுதங்களுக்கான தரக்குறிப்புகளை வகுப்பது, 1970-இல் தொடங்கப்பட்ட காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்யும் இஷாப்பூர் ஒரு நிறுவனத்துக்கும், தோட்டா செய்யும் கட்கி, வரங்காவ் தொழிற்சாலைகள் வேறொரு நிறுவனத்துக்கும் சென்றன. துப்பாக்கி, மேகசின், தோட்டா மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பார்க்கும் பொறுப்பு, இதனால் வாங்குபவர் தலையில் மேலும் கனக்கிறது.

தாராவியில் இது ஏட்டளவிலான கேள்வியன்று. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் லட்சக்கணக்கானோர் வாழும் இடம் அது. அங்குள்ள சந்துகளில் சிக்கிய தோட்டாவை விடுவிக்கக் காவலர் பதற்றத்துடன் துப்பாக்கியோடு போராடும்போது, எதிரே நிற்பவன் மட்டுமல்ல, சுவருக்கு அப்பால் உறங்குபவரும் ஆபத்தில் இருக்கிறார். அணு மையத்தையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் அருகில் கொண்ட செம்பூருக்கும் இது பொருந்தும்.

கேட்க வேண்டிய கேள்வி

காவல் படைகளை நவீனமயமாக்கும் ஒருங்கிணைந்த திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ.26,275 கோடியை மத்திய அமைச்சரவை 2022-இல் ஒதுக்கியது. அதே ஆண்டு, ஆனந்த் சர்மா தலைமையிலான உள்துறை நிலைக்குழு, காவல்துறைப் பயிற்சி, நவீனமயமாக்கல், சீர்திருத்தம் பற்றிய தனது அறிக்கையில், ஒதுக்கிய நிதியை மாநிலங்கள் முழுமையாகச் செலவிடாதது குறித்துக் கவலை தெரிவித்தது. பணம் இல்லை என்று சொல்ல இடமில்லை.

சோதித்துத் திருப்பி அனுப்பவும் மகாராஷ்டிரத்துக்குத் தெரியும். நவம்பர் 26 தாக்குதலில் ஹேமந்த் கர்கரே உயிரிழந்ததைத் தொடர்ந்து குண்டு துளைக்காத கவச உடைகளின் தரம் பெரும் சர்ச்சையானது. அதன்பின் வாங்கப்பட்ட கவச உடைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஏ.கே.47 சோதனையில் தேறாததால், தயாரித்தவர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டன. மார்பில் அணியும் கவசத்துக்குக் காட்டிய அதே கண்டிப்பைக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டிக்கும் காட்ட முடியாதா?

அந்த இரவில் ரயில் நிலையத்தில் காயமுற்றவர்களை மருத்துவமனைக்கு அனுப்ப உதவியவர்களில் ஒருவரான தமிழர் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன், 2014-இல் சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து சட்டப்பேரவைக்குத் தேர்வானார். மாநிலத்தின் கணக்கைக் கேட்கப் பேரவை இருக்கிறது. ரயில்வே, தொழிற் பாதுகாப்புப் படைகளின் கணக்கைக் கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது. ஒரு துப்பாக்கிக்கு எத்தனை மேகசின்கள் வாங்கப்பட்டன, அவற்றில் எத்தனை சுட்டுச் சோதிக்கப்பட்டன, கடந்த ஓராண்டில் எத்தனை கழிக்கப்பட்டன என்று மூன்றே வரிகளில் கேட்டுவிடலாம். கழித்தவை ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருளல்ல. யாரும் பார்க்கவில்லை என்பதே பொருள்.