முதல் விளையாட்டுக் கணினி: தேனி, கம்பம் பள்ளத்தாக்குச் சூழலில் பாகங்களும் இயங்குதளமும்

விளையாட்டுக் கணினி என்பது நிகழ்பட விளையாட்டுகளைத் தடங்கலின்றி ஓட்டுவதற்கென்று பாகங்கள் தேர்ந்து பூட்டப்பட்ட மேசைக் கணினி ஆகும். கடைகளில் இது "கேமிங் பிசி" என்றும், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்பட்டது "அசெம்பிள்டு சிஸ்டம்" என்றும் வழங்கப்படுகிறது. பாகங்களை ஒப்பிடும் காணொளிகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறை, சீரான மின்னழுத்தம், பக்கத்திலேயே பழுதுநீக்கும் நிலையம் ஆகிய மூன்றும் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகின்றன. தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் போன்ற ஊர்களில் முதல் கணினி வாங்கும் மாணவருக்கு இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது. வீட்டில் ஒருமுறைதான் இதற்கெனப் பணம் ஒதுக்குவார்கள் என்பதால் தேர்வின் வரிசையும் இங்கு சற்று மாறுகிறது.

எந்த விளையாட்டு, எந்தத் திரை

பாகங்களைப் பார்ப்பதற்கு முன் எந்த விளையாட்டுகளை ஆடப்போகிறோம் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய வன்பொருளிலும் ஓடும். 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 விளையாட்டும் அப்படியே. புதிதாக வெளியாகும் பெரிய கதை விளையாட்டுகளுக்குத் தனி வரைகலை அட்டை கட்டாயம். ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ ஆகியவை கைப்பேசிக்காக ஆக்கப்பட்டவை. அவற்றை மட்டும் ஆடுபவர் அவற்றுக்காகக் கணினி வாங்கத் தேவையில்லை.

அடுத்தது திரை. 1920 × 1080 அளவுள்ள முழு எச்டி திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36,86,400. 4கே திரையில் 82,94,400. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒவ்வொரு சட்டகத்தையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக அதே நேரத்துக்குள் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்குவரை கூடுகின்றன. அட்டையின் விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. முதல் கணினிக்கு முழு எச்டி போதும். மிச்சமாகும் பணத்துக்கு வேறு தேவை காத்திருக்கிறது.

மின்சாரம்

அந்தத் தேவை மின்சாரம். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் லோயர்கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் இருந்தாலும், வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது தெருமுனையில் உள்ள மின்மாற்றிதான். தோட்டத்து மோட்டார்கள் அதே மின்மாற்றியில் ஓடும் வேளையில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் கணிசமாக இறங்கக்கூடும். இதனைத் தாங்க வேண்டிய பாகம் கடைகளில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி.

மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையை வாங்குமுன் படிக்க வேண்டும். உள்ளீடு 100–240 வோல்ட் என்றிருந்தால் அழுத்தம் இறங்கினாலும் கணினி அணையாது. 200–240 என்றிருந்தால் மாலை வேளையில் தானாக அணைந்து எழலாம். இரண்டாவதாக 12 வோல்ட் தடத்தின் ஆம்பியர் அளவைப் பார்க்க வேண்டும். செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் இத்தடத்திலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. கேபினட்டோடு இலவசமாக வரும் மின்வழங்கியில் "450 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று சிறிதாக இருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட்தான். எழுதியிருப்பதில் பாதிகூட இல்லை. முழுச்சுமையில் 250 முதல் 300 வாட் இழுக்கும் கணினிக்கு, "80 பிளஸ் பிரான்ஸ்" சான்று பெற்ற 550 வாட் மின்வழங்கி பொருத்தமானது. பாதிச் சுமையில் குறைந்தது 85 விழுக்காடு திறன் என்பது அச்சான்றின் பொருள்.

மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டர் போதுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. மின்வழங்கி தன்னுள் சேர்த்துள்ள ஆற்றலைக் கொண்டு சுமார் 16 மில்லிநொடி மட்டுமே தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிட்டால் கணினி அணையாது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் "யுபிஎஸ்", "ஈகோ" என இரு நிலைகள் கொண்ட பொத்தான் உண்டு. யுபிஎஸ் நிலையில் மாறும் நேரம் குறைவு. சைன் அலை தரும் இன்வெர்ட்டராக இருப்பதும் நல்லது. சதுர அலை தருபவற்றோடு தரமான மின்வழங்கிகள் சில ஒத்துப்போவதில்லை. தனி யுபிஎஸ் வாங்குவோர் 600 விஏ என்ற எண்ணை 600 வாட் என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வகையில் பல 360 வாட் மட்டுமே தாங்கும். விளையாட்டைத் தொடர்வதற்கு அது உதவாது. சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கான நேரத்தைத் தரும்.

நில இணைப்பு இல்லாத மூன்று துளைப் பிளக்குகள் பழைய வீடுகளில் ஏராளம். கேபினட்டைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிந்தால் முதலில் மின்பணியாளரை அழைக்க வேண்டும். சித்திரை, ஐப்பசி மாத இடிமழையில் பிளக்கைக் கழற்றுவதோடு இணையப் பெட்டியிலிருந்து வரும் லேன் கம்பியையும் கழற்ற வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் பெட்டியின் அடாப்டரும் லேன் கம்பியும் உலோகம்.

மின்கட்டணமும் கணக்கில் வர வேண்டும். திரையோடு சேர்த்து 250 வாட் இழுக்கும் கணினியை நாள்தோறும் 4 மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட் ஆகும்; இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். 2025ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வீட்டுக் கட்டண அட்டவணையில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை உயர்கிறது. வழக்கமாக 460 யூனிட் வரும் வீட்டில் இந்த 60 சேரும்போது கட்டணம் ஏன் திடீரென எகிறுகிறது என்பதற்கு இதுவே காரணம். வாங்குமுன் வீட்டு மின் அட்டையைப் புரட்டிப் பார்ப்பது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

செயலியும் வரைகலை அட்டையும்

குறைந்த பணத்தில் தொடங்குவோர் வரைகலை உள்ளடங்கிய செயலியை வாங்கி, தனி அட்டையைப் பிறகு சேர்க்கலாம். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி இவ்வகையில் நெடுநாள் விற்பனையில் உள்ளது: 6 உள்ளகங்கள், 12 இழைகள், 65 வாட். இதற்கான ஏஎம்4 பொருத்துவாய் 2016இல் வந்தது. பலகையும் டிடிஆர்4 நினைவகமும் மலிவு, ஆனால் மேம்படுத்த இனி வழி குறைவு. 8600ஜி செயலி 2022இல் வந்த ஏஎம்5 பொருத்துவாயிலும் டிடிஆர்5 நினைவகத்திலும் இயங்குவது. விலை கூடினாலும் பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள இடமுண்டு.

தொடக்கத்திலேயே தனி அட்டை வாங்குவோருக்கு இன்டலின் ஐ5-12400எஃப் போன்றவை ஏற்றவை. பெயரின் முடிவில் உள்ள "எஃப்" என்ற எழுத்து உள்ளடங்கிய வரைகலை இல்லை என்பதைக் குறிக்கும். அட்டை பழுதானால் புதியது வரும்வரை திரையில் எதுவும் தெரியாது. மாற்று அட்டை வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய ஊரில் இது சிறிய செய்தியன்று. படிப்புக்கும் அதே கணினி என்றால் "எஃப்" இல்லாத வகைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது தகும்.

முழு எச்டி திரைக்கு 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 (132 வாட்), ஆர்டிஎக்ஸ் 4060 (115 வாட்) ஆகியன சிக்கனமாக மின்சாரம் எடுப்பவை. இன்டலின் ஆர்க் பி580 அட்டையில் 12 ஜிபி இருந்தாலும், அது 190 வாட் எடுக்கும். தாய்ப்பலகையில் "ரீசைசபிள் பார்" வசதி இல்லையென்றால் திறன் வெகுவாகக் குறையும். பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டை நான்கு தடங்கள் வழியாக மட்டுமே பேசுவது, அதற்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 தேவை. 5600ஜி செயலியோ 3.0 மட்டுமே அறிந்தது. தனித்தனியே குறையில்லாத இரண்டும் சேரும்போது வேகம் குறைகிறது.

நினைவகமும் வட்டும்

16 ஜிபி என்பது இப்போதைய நடைமுறை அளவு. ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி மேல். உள்ளடங்கிய வரைகலை கணினியின் நினைவகத்தையே பயன்படுத்துவதால் அங்கு வேறுபாடு கண்கூடாகத் தெரியும். 2025 இறுதியிலிருந்து நினைவக விலை உயர்ந்துள்ளதால் பழைய காணொளிகள் சொல்லும் மொத்தத் தொகையை நம்பிப் புறப்பட வேண்டாம்.

வட்டு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியாக இருப்பது நலம். பெரிய விளையாட்டுகள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேலாகும். இடமில்லை என்று அழித்துவிட்டு மீண்டும் இறக்குவது ஓர் இரவு வேலை.

காற்றும் தூசியும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே கிடப்பது. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே காற்று பாய்வதால்தான் மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே ஆடிக்காற்று புழுதியையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. வண்ணவிளக்குக் கண்ணாடி முகப்பைவிட, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையுடன் கூடிய துளைமுகப்புக் கேபினட் இங்கு பொருந்தும். காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுவதைவிடக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி புகாது.

இயங்குதளம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. புதிய கணினிக்கு விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் என்பதே தேர்வு. இதை விருப்பத்தால் அன்றி விளையாட்டுப் பட்டியலால் முடிவு செய்ய வேண்டும்.

வேலரன்ட் லினக்சில் இயங்காது. அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வேன்கார்ட் விண்டோசின் கருவரை இறங்கி வேலை செய்வது. விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் பயாசில் இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஃபோர்ட்நைட்டும் பப்ஜியும் லினக்சில் ஆட முடியாதவை. ஜிடிஏ 5 கதைப்பகுதி லினக்சில் ஓடும். அதன் இணையப் பகுதி 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ தடுப்பு சேர்க்கப்பட்டதோடு நின்றது. மறுபுறம், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. விண்டோசுக்கென்று ஆக்கப்பட்ட ஏராளமான தனியாள் விளையாட்டுகள், வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் இடையடுக்கின் வழியே லினக்சில் ஓடுகின்றன. விளையாட்டு விண்டோசிடம் கேட்பதை லினக்ஸ் அறிந்த வடிவுக்கு மாற்றித் தருவதே புரோட்டானின் பணி. எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதைப் புரோட்டான்டிபி தளத்தில் பயனர்கள் பதிந்துவருகின்றனர்.

லினக்ஸ் தேர்ந்தால் ஏஎம்டி அட்டை எளிது, இயக்கி உடனேயே வருகிறது. என்விடியாவுக்குத் தனி இயக்கி நிறுவ வேண்டும். புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட், விளையாட்டுக்கென்றே ஃபெடோராவிலிருந்து ஆக்கப்பட்ட பேசைட் ஆகியன பழக இலகுவானவை.

படிப்பும் இதில் தலையிடுகிறது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் தேவைப்படும் பொறியியல் மாணவருக்கும் டேலி பழகும் வணிகவியல் மாணவருக்கும் விண்டோஸ் வேண்டும். நிரலாக்கம் கற்பவருக்கு லினக்ஸ் கூடுதல் வசதி. தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் கிடைக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளும் இரட்டைத் துவக்கமும் இங்கு புதிதன்று: 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டையும் வைப்பதானால் இரு தனி வட்டுகளில் வைப்பது நல்லது. விண்டோஸ் வட்டில் உள்ள விளையாட்டையே லினக்சிலும் திறக்க முயல்வது கோப்புமுறை வேறுபாட்டால் தொல்லை தரும்.

அசெம்பிள் செய்யும்போது "விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் உரிமம் இல்லாத படியே. அவற்றில் சில, பாதுகாப்பு நிரலையும் புதுப்பித்தலையும் முடக்கியே வருகின்றன. விளையாட்டுக் கணக்கும் வங்கிச் செயலியும் உள்ள கணினியில் இதை ஏற்பது ஆபத்து. உரிமத்துக்குப் பணமில்லையென்றால் லினக்சில் தொடங்கி, தேவை வந்தபின் விண்டோஸ் வாங்குவது சரியான வழி.

பழைய பாகங்களும் வாங்குமிடமும்

அலுவலகங்களில் கழித்த ஐ5 நான்காம் தலைமுறைக் கணினியோடு ஜிடிஎக்ஸ் 1650 அட்டை சேர்த்து விற்பது பரவலாக உள்ளது. 75 வாட் மட்டுமே எடுக்கும் வகை அட்டை இதற்கு ஒத்துவரும். ஆயினும் அத்தலைமுறை விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால் வேறு பாகம் பொருந்தாது. மலிவு அட்டைகளில் இன்னொரு பொறி ஆர்எக்ஸ் 580. உண்மையான 580இல் 2304 ஷேடர் அலகுகள் உண்டு; "2048எஸ்பி" என்ற வகையில் 2048தான். விற்பவர் பெயரின் பின்பாதியைச் சொல்வதில்லை. ஜிபியு-இசட் என்னும் இலவச நிரல் அந்த எண்ணைக் காட்டிவிடும். 2022 செப்டம்பரில் எதிரியம் நாணயச் சுரங்கமிடல் நின்றபின் சந்தைக்கு வந்த அட்டைகளில் பல இரவுபகலாக ஓடியவை. விசிறிச் சத்தத்தைக் கேட்டு, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் விலை குறைவாக இருக்கலாம். 2023 ஜூனில் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் தொடங்கியபின் அங்கு போய்வருவதும் எளிதாகிவிட்டது. ஆனால் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பலகை பழுதானால் அதே தொலைவைப் பாகமும் கடக்க வேண்டும். செயலி, நினைவகம், எஸ்எஸ்டி ஆகியன அரிதாகவே பழுதாகின்றன. அவற்றை எங்கு வாங்கினாலும் பெரிய இடரில்லை. மின்வழங்கி, தாய்ப்பலகை, திரை ஆகியவற்றைத் தேனியிலோ மதுரையிலோ உள்ள கடையில் வாங்கினால் கையில் எடுத்துச்சென்று கொடுத்துவிடலாம். ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச சில்லறை விலையும் இல்லாத பொருளுக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடைப்பது கடினம். பெட்டிகளை உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் வைத்திருப்பது நல்லது. அட்டையைக் கூரியரில் அனுப்பும்போது அதே அட்டைப்பெட்டியும் நுரைப்பஞ்சும் தேவைப்படும்.