தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எத்தனை தூரம்?

கோலகங்சாரில் ரயில் ஏறித் தெற்கே வந்தால் சுங்கை சிப்புட், ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று பேரா மாநிலத்தின் பெரும்பகுதியை ஜன்னலோரமாகப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் வழியெங்கும் தெரிந்தது ரப்பர் காடு. இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும்தான். இந்தப் பாதையின் இரு முனைகளிலும் இரண்டு பழைய கல்விக்கூடங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கதையை அங்கிருந்து தொடங்கினால்தான் புரியும்.

வடக்கு முனையில் கோலகங்சார் மலாய்க் கல்லூரி. 1905-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. அரச குடும்பத்து, பெரிய வீட்டுப் பையன்களை ஆங்கிலத்தில் படிக்க வைத்து அரசாங்க அதிகாரிகளாக்குவது நோக்கம். தெற்கு முனையில் தஞ்சோங் மாலிமில் 1922-இல் திறந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. இது கம்பத்துப் பிள்ளைகளுக்கு. மலாய்ப் பள்ளியில் படித்த விவசாயி மகனை, மீனவர் மகனை ஆசிரியராக்கி அனுப்பியது.

இடைப்பட்ட தோட்டங்களில் என்ன நடந்தது? பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையாக இருந்தது. கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்தார். முதல் பள்ளியில் படித்தவருக்கு அரசாங்க நாற்காலி காத்திருந்தது. இரண்டாவதில் படித்தவருக்கு வகுப்பறை, பிறகு பத்திரிகை, அரசியல். மூன்றாவதில் படித்தவருக்குக் காலைப் பெரட்டு.

வசதி இருந்தவர்கள் கடல் தாண்டினார்கள். 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் பட்டம் பெற்றது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பால் வெட்டுபவர் மகனுக்கு அந்தக் கப்பல் கிடையாது.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். நான் படித்த தமிழ்ப்பள்ளியும் அப்படி ஒரு தோட்டத்துப் பள்ளிதான். தோட்டம் கைமாறிச் செம்பனையானதும் லயம் காலியானது. நாங்கள் ஈப்போவுக்கு வெளியே மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். நான் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் படித்து, இப்போது ஈப்போவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிவுகள் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நண்பர்கள் சிலரும் யூ.பி.யூ. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பிள்ளைகளோடு உட்காருகிறோம். இதில் எழுதுபவை பெரும்பாலும் அந்த மேசையில் பார்த்தவை.

வாசலில் நிற்கும் கணக்கு

1971 மார்ச்சில் கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. தகுதியான விண்ணப்பதாரர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும் உயர்கல்விக் கூடங்களில், நியாயமான விகிதத்தில் பூமிபுத்ராக்களுக்கு இடம் ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். 'நியாயமான' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. எத்தனை விழுக்காடு நியாயம் என்பது இல்லை. 2002-இல் இன அடிப்படையிலான கோட்டா போய்த் தகுதி முறை வந்தது என்றார்கள். ஆனால் தகுதியை அளக்க இரண்டு வழிகள் இருந்தன: ஓராண்டு மெட்ரிகுலேஷன், ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீளும் எஸ்.டி.பி.எம். இரண்டிலும் எடுத்த புள்ளிகள் பல்கலைக்கழக வாசலில் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன.

அந்தக் குறுகிய வழியில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு. 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆனபோதும் 90:10 மாறவில்லை. ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் கோப்பெங்கில் பேரா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பஸ்ஸில் போகும்போது பார்க்கும் கட்டடம் மட்டும்தான்.

கம்பத்துப் பிள்ளைக்கு வழி திறந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். தஞ்சோங் மாலிம் அதைத்தான் செய்தது. அதன் பலனை நாடு பார்த்தது. என் கேள்வி, கம்பத்துக்குத் திறந்த கதவு பக்கத்துத் தோட்டத்துக்கு ஏன் திறக்கவில்லை என்பதுதான். இரண்டு வீட்டிலும் அப்பாவின் சம்பளம் ஒன்றுதான், கூரைத் தகரமும் ஒன்றுதான்.

2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார், எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்த எந்த இனத்துப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்று அறிவித்தார். நல்ல முடிவு, நம் வீடுகளில் அழுகை குறைந்தது உண்மை. ஆனால் 10 ஏ எடுக்க முதலில் பத்துப் பாடம் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பத்தாவது பாடம் தமிழ்மொழியோ தமிழ் இலக்கியமோதான். இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமானால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். நகரத்துப் பெரிய பள்ளியில் 15 பேர் எளிது. ஆறேழு தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் உள்ளூர்ப் பள்ளியில் என்ன செய்வது? சனிக்கிழமை யாராவது ஓர் ஆசிரியர் கோயில் மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தால் உண்டு.

அடுத்தது புறப்பாட நடவடிக்கை. பல்கலைக்கழகத் தேர்வில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. கேட்கச் சின்னதாகத் தெரியும். புள்ளிகள் நெருங்கி நிற்கும் துறைகளில் அந்தப் பத்துதான் ஆளைத் தள்ளும். பள்ளி பஸ் மதியம் புறப்பட்டுவிடும். மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப வண்டி இல்லை. "விளையாட்டுல ஆர்வம் இல்லையா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். "ஆர்வம் இருக்குக்கா, பஸ்தான் இல்ல" என்றான்.

இத்தனையும் தாண்டி 4.0 எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகளின் படங்களை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பார்க்கிறோம். இன்னும் கீழே, 3.5 எடுத்துவிட்டு, கேட்காத துறை கிடைத்து, பேசாமல் தொழிற்சாலைக்குப் போய்விடும் பிள்ளையின் படம் எங்கும் வருவதில்லை. எங்கள் மேசைக்கு வந்தவர்களில் இவர்கள்தான் அதிகம். "டுக்காச்சித்தா டிமக்லும்கான்" என்று தொடங்கும் பதிலில் காரணம் இருக்காது. எத்தனை புள்ளியில் தவறியது, அந்தத் துறையின் கடைசி இடத்துக்கு எத்தனை புள்ளி, எதுவும் இருக்காது. காரணம் தெரியாத பிள்ளை தன்னையே காரணமாக்கிக் கொள்கிறது. மேல்முறையீடு எழுத உட்காரும்போது எதை எதிர்த்து எழுதுவது என்றே தெரியாது.

உள்ளே போன பிறகு

இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் நினைக்கிறோம். பெட்டி வாங்கி, வாளி வாங்கி, விடுதி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

என் முதல் பருவத்தில் ஒரு விரிவுரையாளர், "நாலு நாலு பேராகக் குழு சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார். ஒரு நிமிடத்தில் மேசைகள் நகர்ந்தன. கடைசியில் சுவரோரம் நின்றவர்கள் நாங்கள் மூன்று தமிழ்ப் பெண்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை, தள்ளவில்லை. யார் மீது புகார் எழுதுவது? அடுத்த பருவத்தில் வேறொருவர் வந்தார், வயதான மலாய்க்காரர். அவர் சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தார். அந்தக் குழுவில் இருந்த கிளந்தான் பெண்ணோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளும் ரப்பர் வெட்டும் வீட்டுப் பிள்ளைதான். சொந்த நிலம், எங்களுடையது துரையின் நிலம், அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டுக் குலுக்க ஒரு காசு செலவில்லை.

பாடத்திலேயே தவறு வரும்போதும் உண்டு. 2016 ஜூனில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நாகரிகப் பாடக் குறிப்பில், இந்துக்கள் உடல் அழுக்கை முக்திப் பாதையின் பகுதியாகக் கருதுகிறார்கள் என்ற பொருளில் எழுதியிருந்தது வெளியே வந்தது. அன்றைய துணைக் கல்வியமைச்சர் ப. கமலநாதன் துணைவேந்தரிடம் பேசினார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டு, குறிப்பைத் திருத்துவதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் பரவியதால் துணையமைச்சர் வரை போனது. பரவாதவை வகுப்பறையோடு போய்விடுகின்றன.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2022-இல் தனிச் சட்டம் வந்தது; புகாரை விசாரிக்க நடுவர் மன்றமும் உண்டு. தோல் நிறத்தைச் சொல்லி, பழைய இழிசொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படிப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது என்றாலும், விடுதி அறையில் நடப்பதற்கு அதை எடுத்துக்கொண்டு உயர்நீதிமன்றம் போக எந்தப் பிள்ளையால் முடியும்? இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேரப்போவதாக 2018-இல் அரசாங்கம் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் நவம்பரில் பின்வாங்கியது. டிசம்பர் 8-இல் கோலாலம்பூரில் பேரணியும் நடந்தது.

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் உயர்கல்விக் கூடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் விதிமுறைகள் 2012-இலேயே வந்துவிட்டன. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தது 2016 ஜனவரியில்.

அடுத்தவரை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. நான் விடுதியில் முதலில் கேலி வாங்கியது நம்மவர்களிடம்தான். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு என் ஆங்கிலம் சிரிப்பாக இருந்தது. 'தோட்டத்து ஆளு' என்பது பட்டப்பெயர். ஊர் பேரைக் கேட்டு, அதிலிருந்து சாதியை மோப்பம் பிடித்த ஓர் அக்காவும் இருந்தார். இந்தியர் மாணவர் சங்கத்தின் கலைவிழாவுக்கு நூறு வெள்ளி உடை வாங்கச் சொன்னார்கள். முடியாதவர்கள் விழாவன்று அறையிலேயே இருந்தோம்.

வேறு தராசு ஒன்று

தமிழ்நாட்டில் 2020-இல் ஒரு சட்டம் வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று உள் ஒதுக்கீடாக வைத்தார்கள். எந்தச் சாதி என்பதோடு, எந்தப் பள்ளியிலிருந்து வருகிறாய் என்ற கேள்வியும் சேர்ந்தது. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ளே போனார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997-இல் இன்னொரு வழி கண்டது: ஒவ்வொரு உயர்நிலைப்பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். பணக்காரப் பகுதிப் பள்ளியின் முதல் மாணவரும் ஏழைப் பகுதிப் பள்ளியின் முதல் மாணவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

பேராவில் இதைப் பொருத்திப் பாருங்கள். மலையடிவாரத்துச் சிறிய இடைநிலைப்பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, ஈப்போ நகரத்துப் பேர்பெற்ற பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, இருவருக்கும் கதவு திறக்கும். முதல் பிள்ளை தமிழாக இருக்கலாம், மலாயாக இருக்கலாம், பூமிபுத்ரா என்ற பெயர் இருந்தும் பின்தங்கி நிற்கும் பூர்வகுடிப் பிள்ளையாகவும் இருக்கலாம். யாருடைய இடத்தையும் யாரும் பிடுங்கியதாக ஆகாது. 10 ஏ அறிவிப்பைவிட இது தோட்டத்துப் பிள்ளைக்கு அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. அதற்கு முன்னதாகவே செய்யக்கூடியது, மறுப்புக் கடிதத்தில் புள்ளிக் கணக்கை எழுதி அனுப்புவது.

கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் இயங்குகிறது. ஈய லம்பமாக இருந்த ஊர் மாணவர் நகரமாகிவிட்டது. அரசாங்க இடம் கிடைக்காத நம் பிள்ளைகளும் அங்கே கல்விக் கடனில் படிக்கிறார்கள். அது வழி இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடனைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு மேசையிலிருந்து எழுந்துபோன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

தெற்கு முனைக்கு வருவோம். தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமானது. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியில் பட்டப்படிப்பு இருக்கிறது. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேரா. அவற்றில் பல, தோட்டமே இல்லாமல் தோட்டத்தின் பெயரோடு நிற்பவை. அங்கே படித்த பிள்ளைகள் சிலர் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பட்டம் பெற்றுத் திரும்பி வருகிறார்கள்.

போன முறை எங்கள் மேசைக்கு வந்த செம்மோர் பெண் விண்ணப்பத்தில் முதல் தேர்வாக அதைத்தான் எழுதினாள். அப்பா லோரி ஓட்டுகிறார். புறப்பாடச் சான்றிதழ் நான்கு கொண்டு வந்திருந்தாள். இரண்டில் பள்ளி முத்திரை இல்லை. திங்கட்கிழமை காலையில் அப்பா லோரியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு முத்திரை வாங்கப் போனார். அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மா, மூன்றாவது சான்றிதழில் மாவட்ட அளவு என்பதைப் பள்ளி அளவு என்று தவறாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தாராம். ஒன்றரைப் புள்ளி கூடியது என்று அன்று மாலை எனக்குச் செய்தி வந்தது.