இரண்டு தலைப் பாம்பு

சென்ற ஆண்டு விடுமுறைக்குக் குழந்தைகளுடன் சித்தூர் போயிருந்தோம். இரவு மழை கொட்டியிருந்தது. காலையில் குளியலறைத் தரையில் ஏதோ நெளிந்தது. மண்புழு என்று நினைத்த என் மகள் தொடப் போனாள். "தொடாதேடி, காதுல பூந்துடும்!" என்று அலறிய என் பெரியம்மா, துடைப்பத்தால் அடித்துக் கொன்றுவிட்டார். "அது என்னம்மா செஞ்சுது?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திருப்பதியில் உறவினர் வீட்டுத் தோட்டத்தைக் கொத்தியபோது அதே போல் ஒன்று வெளிப்பட்டது. தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு தலல பாமு, ஏமி செய்யதம்மா" என்றார். ஒன்றும் செய்யாதாம். மண்வெட்டியில் ஏந்திக் காட்டினார்.

அதுதான் குருட்டுப் பாம்பு. புழுப்பாம்பு என்பதும் உண்டு. இரண்டு முதல் ஆறு அங்குல நீளம். கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். தலையும் வாலும் ஒரே பருமனில் மழுங்கியிருப்பதால் 'இரண்டு தலை' என்ற பெயர். கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். உருவம் தெரியாது, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். வாய், மூக்கு நுனிக்குக் கீழே இருப்பதால் தோண்டும்போது மண் புகாது. வால் நுனியில் சிறு முள் உண்டு. மண்ணில் ஊன்றி நகரத்தான் அது, கொட்டுவதற்கு அல்ல.

மண்புழுவுக்கு உடலெங்கும் வளையங்கள் உண்டு, ஈரப்பசை உண்டு. இதன் உடலோ பளபளக்கும் நுண்செதில்களால் ஆனது. மற்றப் பாம்புகளுக்கு வயிற்றுச் செதில் அகலமாக இருக்கும். இதற்குச் சுற்றிலும் ஒரே அளவு. கூர்ந்து பார்த்தால் நாக்கு நீட்டுவதும் தெரியும்.

நஞ்சு கிடையாது. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவுமே உணவு. இருட்டும் ஈரமும் தேடி அலையும் பிராணி. மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வந்துவிடுகிறது. காதைத் தேடி வருவதில்லை.

ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல் 1796ல் வெளியிட்ட பாம்பு நூலில், விசாகப்பட்டினத்துப் பாம்பாக இதைத் தெலுங்குப் பெயருடனேயே குறித்திருக்கிறார். அதை வைத்து 1803ல் பிரெஞ்சு அறிஞர் தோதேன் அறிவியல் பெயர் சூட்டினார்.

எல்லாவற்றிலும் வியப்பு, இவ்வினத்தில் எல்லாமே பெண்! ஆண் துணையின்றியே முட்டையிடும்; குஞ்சுகள் தாயின் அச்சு. ஆகவே செடித் தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று கப்பலேறினாலும் போதும், போன இடத்தில் குடும்பம் பெருகிவிடும். இப்படியே ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஹவாய் என்று பரவி, நாம் வாழும் புளோரிடாவுக்கும் வந்துவிட்டது. 'பூந்தொட்டிப் பாம்பு' என்றே ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு.

ஓர் எச்சரிக்கை. சிறிய பாம்பெல்லாம் இதுவே என்று எண்ணிவிடாதீர்கள். கட்டுவிரியன் குட்டியும் சிறியதே. அதன் நஞ்சு உயிரைக் குடிக்கும். எதையும் வெறுங்கையால் தொட வேண்டாம்.

சென்ற மாதம் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியை மாற்றியபோது ஒன்று நெளிந்து வெளியே வந்தது. மகள் கத்தவில்லை. கரண்டியால் மண்ணோடு அள்ளிச் செடியடியில் விட்டாள். அன்றிரவே சித்தூருக்குப் போன் போட்டு, "பெரிய பாட்டி, அது காதுல பூராது" என்று சொன்னாள். பெரியம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. "சரிடி, இனிமே அடிக்கல" என்று மட்டும் சொன்னார். அது போதும்.