அந்துருண்டைக்கும் மலேரியாவுக்கும் என்ன உறவு?

உயிரியல் பாடநூலில் ஒட்டுண்ணி ஓர் அத்தியாயம். மரபுவழி நோய் வேறோர் அத்தியாயம். தேர்வுக்குப் படிக்கும்போது இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. ஆனால் மனித இரத்தத்துக்குள் அவை எப்போதோ சந்தித்துவிட்டன.

நம் மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, 'ஜி6பிடி' என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தச் சோதனை 1965 முதல் நடக்கிறது. குறைபாடு இருந்தால் தாயிடம் ஒரு பட்டியல் தருவார்கள்: அந்துருண்டை கூடாது, கச்சாங் பாராங் கூடாது, சில மருந்துகள் கூடாது. ஏன் கூடாது?

சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து தப்பிக்க அது ஜி6பிடி தொடங்கிவைக்கும் வேதிவினையைத்தான் நம்பியிருக்கிறது. நொதி குறைந்தவரின் உடலில் அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் சேர்ந்தால் அணுக்கள் உடைகின்றன. சிறுநீர் தேநீர் நிறமாகும், கண் மஞ்சளாகும். பச்சிளங்குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம்.

இவ்வளவு தொல்லை தரும் மரபணு, உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேரிடம் எப்படித் தங்கியது? அது மிகுதியாக உள்ள இடங்கள், மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த இடங்களோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் குடியேறி ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அப்போதும் அதே ஆக்சிஜனேற்றச் சேதம் உண்டாகிறது. நொதி குறைந்த அணு அதைத் தாங்காமல் சீக்கிரமே பழுதாக, உடல் அதை அப்புறப்படுத்திவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வீட்டை இடித்துத் திருடனைப் பிடித்த கதைதான்.

கசப்பான முரண் ஒன்றும் உண்டு. விவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் தாக்கும். அதை அங்கேயே அழிக்கும் பிரைமாகுவின் என்ற மருந்து, இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைக்கிறது. குறைபாடே இப்படித்தான் 1956-இல் தெரியவந்தது, அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறைக் கைதிகளிடம் நடந்த மருந்துச் சோதனைகளின் வழியாக. கைதி தரும் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்ற கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது.

மலேசியாவில் 2018-இலிருந்து பல ஆண்டுகளாக மனித மலேரியா உள்ளூரில் தொற்றியதாகப் பதிவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகைதான் காடோரங்களில் தொல்லை கொடுக்கிறது. பழைய எதிரி போய்விட்டாலும் மரபணு போகவில்லை.

அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே மகனுக்குத் தாயிடமிருந்துதான் வரும். தந்தையால் மகனுக்குக் கொடுக்க முடியாது. இதைக் கேட்டதும் மருமகளைக் குற்றம் சொல்லக் கிளம்புவோர், அவளுக்கு அது அவளுடைய அப்பாவிடமிருந்தே வந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளைப் பாதிக்காது என்பதும் சரியல்ல. ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்யும் என்பதால், சில பெண்களுக்கும் நொதி கணிசமாகக் குறையலாம்; பிறந்தபோது செய்த சோதனையில் அது தப்பிவிடவும் கூடும். தம்பிக்குக் குறைபாடு இருந்தால், அக்காவும் புதிய மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.