பழைய கணினியின் நியாய விலை

பயன்படுத்திய மேசைக் கணினியை விற்பவர், தாம் கொடுத்த விலையிலிருந்தே கணக்கைத் தொடங்குவார். பிள்ளையின் மேற்படிப்புக்காகச் சேமித்த பணத்தில் அதனை வாங்குபவரோ, அஃது இனி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். தொழில் நிறுவனங்களின் வருமானவரிக் கணக்கில், கணினியின் எஞ்சிய மதிப்பில் ஆண்டுதோறும் 40 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. அவ்வாறு கழித்தால், 40,000 ரூபாய்க் கணினி மூன்றாண்டுகளில் 8,640 ரூபாயாகிவிடும். சந்தை இவ்வளவு கடுமையானதன்று. எனினும் விலை சரியும் போக்கை இக்கணக்கு உணர்த்தும்.

செயலியின் தலைமுறையை முதலில் கேட்டறிக. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் செயலிகளோ, மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11-க்கு ஏற்புடையனவாக அறிவிக்கப்படவில்லை. எனவே, பழுதின்றி இயங்கும் ஏழாம் தலைமுறைக் கணினியும் மதிப்பிழந்தது. லினக்ஸ் நிறுவிக் கற்க விரும்பும் மாணவருக்கு இது நல்வாய்ப்பே!

சுழலும் வன்தட்டு மட்டுமே இருப்பின், எஸ்.எஸ்.டி. பொருத்தும் செலவை விலையிலிருந்து கழித்துவிடலாம். வண்ண விளக்குகளுக்குத் தனி விலை தர வேண்டியதில்லை. அதே திறனுடைய பழைய கணினிக்குச் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டறிக. கடைக்காரர் உத்தரவாதம் அளிப்பவராயின், அஃதின்றி விற்கும் தனியாரிடம் அவ்விலையினும் குறைத்துக் கேட்பதே முறை.